நின்ற இடத்தில் டீசல் குடிக்கும் லொறி: வாசகர் கேள்வி – பதில்

தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றிப் போகிறேன். வரிசையில் நிற்கும்போது எஞ்சினை நிறுத்துவதில்லை. நிறுத்தி நிறுத்தி ஸ்ராட் பண்ணினால்தான் டீசல் கூடப் போகும் என்கிறார் முதலாளி. உண்மையா?
– வாசகர், மாங்குளம்

இல்லை. சூடான டீசல் எஞ்சினை ஸ்ராட் பண்ணப் போகும் டீசல், அதே எஞ்சின் சில விநாடிகள் சும்மா ஓடும்போது போகிற அளவுதான். ஸ்ராட்டர் தேய்மானத்தையும் கணக்கில் எடுத்தாலும், 3 நிமிடத்துக்கு மேல் நிற்கப்போகிறீர்கள் என்று தெரிந்தால் நிறுத்துவதே லாபம்.

முதலாளியோடு வாதாட வேண்டாம், அளந்து காட்டுங்கள். சமதரையில் லொறியை நிறுத்தி, தாங்கியின் கழுத்துவரை டீசல் நிரப்புங்கள். 2 மணித்தியாலம் சும்மா ஓடவிட்டு, நிறுத்தி, அளவுபோட்ட கானால் அதே கழுத்துவரை திரும்ப நிரப்புங்கள். ஊற்றிய அளவில் பாதிதான் உங்கள் லொறியின் ஒரு மணித்தியாலக் கணக்கு. அது 1.5 லீற்றர் என்று வந்தால், நாளுக்கு 3 மணித்தியாலம் நிற்கிற லொறி மாதம் 25 நாளில் 112 லீற்றரை ஓடாமலே எரிக்கிறது. 2022இல் டீசலுக்கு வரிசையில் காய்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

டீசல் மட்டும் போனால் பரவாயில்லை. சுமையில்லாமல் ஓடும் எஞ்சினில் சிலிண்டர் போதிய சூடு பிடிக்காது. அரைகுறையாக எரிந்த டீசல் கரியாகிப் பிஸ்ரன் ரிங்கிலும் இன்ஜெக்டர் நுனியிலும் படியும், மிச்சம் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணியாக்கும். கிலோமீற்றர் கணக்கில் மட்டும் ஒயில் மாற்றுகிறவர்களுக்கு இது தெரியவராது. மீற்றர் ஓடாத மணித்தியாலங்களிலும் ஒயில் கெடுகிறது.

நிறுத்தினால் திரும்பப் பிடிக்காது என்ற பயத்தில்தான் நான் எஞ்சினை ஓடவிடுகிறேன். பற்றரி இரண்டும் புதிது. என்ன செய்யலாம்?
– வாசகர், ஒட்டுசுட்டான்

சும்மா ஓடுகிற லொறிகளில் பலவற்றுக்குக் காரணம் இந்தப் பயம்தான். பயத்தின் காரணத்தைத் திருத்தினால் பழக்கம் தானாகப் போய்விடும். முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: திறப்பைத் திருப்பும்போது எஞ்சின் மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? அல்லது நன்றாகச் சுற்றியும் பிடிக்காமல் இருக்கிறதா?

மெதுவாகச் சுற்றினால் பிழை மின்பக்கம். 24 வோல்ற் லொறியில், ஸ்ராட்டர் சுற்றும்போது பற்றரி முனைகளில் 19 வோல்றுக்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கவில்லை, ஆனாலும் மெதுவாகத்தான் சுற்றுகிறது என்றால் வயர்களைப் பாருங்கள். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகற்றிவிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் வைத்து ஒருவரை ஸ்ராட் பண்ணச் சொல்லுங்கள். அரை வோல்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் வயரின் முனையில் துரு. கழற்றி, உரசி, இறுக்குங்கள். வயர் முனை துருப்பிடித்திருக்கப் புதுப் பற்றரி வாங்கியவர்கள் அனேகம் பேர்.

நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால், டீசல் லைனுக்குள் காற்றுப் போகிறதா என்று முதலில் சந்தேகப்படுங்கள். தாங்கியிலிருந்து பம்ப் வரையுள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்பட்டே வருகிறது. அங்கே வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுத்தான் உள்ளே போகும். எஞ்சின் நின்றதும் டீசல் தாங்கிக்குத் திரும்பி இறங்கிவிடும். அரை மணித்தியாலம் நின்றபிறகு கைப்பம்பை அமத்திப் பாருங்கள். இளகலாக இருந்தால் கசிவு உண்டு. ஃபில்ரருக்குப் பிறகு வருகிற தாழ்ந்த அழுத்தக் குழாயில் உள்ளே தெரிகிற பிளாஸ்ரிக் குழாய் ஒரு துண்டு பொருத்தினால் குமிழி கண்ணுக்குத் தெரியும். நான் முதலில் பார்க்கச் சொல்வது, ஃபில்ரர் மாற்றும்போது திரும்பப் போட்ட பழைய வாசர், தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தின் ரப்பர் வளையம், தாங்கி வாயில் உள்ள ரப்பர் குழாய். கொமன் ரெயில் எஞ்சின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகிற வகை) என்றால் இன்ஜெக்டர் குழாய்களை இளக்கிக் காற்று எடுக்கும் பழைய வேலை வேண்டாம். அங்கே அழுத்தம் 1000 பாருக்கு மேல், தோலைத் துளைத்துவிடும்.

நெல் இறக்க ஆலை வாசலில் இரவு முழுக்கக் காத்திருக்கிறோம். கபினுக்குள் வெக்கை, நுளம்பு. ஏசியை விட்டால் வழி உண்டா?
– வாசகர், கிளிநொச்சி

உண்டு. 24 வோல்ற், 20 வாற் ஃபான் ஒன்று 8 மணித்தியாலத்தில் ஏறத்தாழ 7 அம்பியர் மணி எடுக்கும். 100 அம்பியர் மணிப் பற்றரிக்கு அது பெரிதல்ல. காலையில் பற்றரி செத்துக் கிடப்பதற்குக் காரணம் அனேகமாக பார்க் லைற்றும் பாட்டுப் பெட்டியின் அம்ப்ளிஃபயரும்தான்.

ஆனால் ஒரு பிழையைச் செய்யாதீர்கள். 12 வோல்ற் ஃபானையோ பாட்டு செற்றையோ இரண்டு பற்றரியில் ஒன்றில் மட்டும் கொழுவக்கூடாது. அல்டனேற்றர் இரண்டையும் சேர்த்தே சார்ஜ் பண்ணுகிறது. ஆகவே ஒன்று எப்போதும் அரைகுறையாக இருக்க, மற்றது அளவுக்கு மிஞ்சிச் சார்ஜாகிக் கொதிக்கும். 24 வோல்றை 12 ஆக்கும் கொன்வேர்ட்டர் போட்டு, பற்றரிப் பொசிற்றிவுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் வையுங்கள். காலையில் இரண்டிலும் சேர்த்து 24.4 வோல்றுக்குக் கீழே என்றால் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. அப்படித் தினமும் இறங்கினால் பற்றரியின் ஆயுள் குறையும். கபின் கூரையில் 50 வாற் 12 வோல்ற் சோலார் தகடு இரண்டைத் தொடராக இணைத்து, 24 வோல்ற் சார்ஜ் கொன்றோலரோடு விட்டால், வன்னி வெயிலுக்கு ஃபான் செலவு திரும்ப ஏறிவிடும்.

எஞ்சினுக்கு மேல் கபின் உள்ள லொறியில், நிறுத்திய பிறகுதான் தரை கொதிக்கும். கால் மணித்தியாலம் இரண்டு கதவையும் திறந்துவிட்டு, பிறகு யன்னலில் நுளம்பு வலையைக் கொழுவுங்கள். எஞ்சின் மூடியின் கீழுள்ள வெப்பத் தடுப்புத் தகடு கிழிந்திருந்தால் மாற்றுங்கள். மூடிய களஞ்சியத்துக்குள் எஞ்சினை ஓடவிட்டு ஒருபோதும் நித்திரை கொள்ளவேண்டாம். புகையில் உள்ள காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது.

முல்லைத்தீவிலிருந்து பெலியகொடைக்கு மீன். நிற்கும்போதும் குளிர் வேண்டுமே?
– வாசகர், முல்லைத்தீவு

குளிரூட்டியை எஞ்சின்தான் சுற்றுகிறது என்றால் ஓடவிடத்தான் வேண்டும், வேறு வழியில்லை. 230 வோல்றில் கொழுவும் வசதி உங்கள் குளிரூட்டியில் இருந்தால், ஏற்றும் இடத்தில் அதில் போட்டு, பெட்டியை முன்கூட்டியே குளிராக்குங்கள். ஐஸ் பெட்டி என்றால் மீனும் ஐசும் சம நிறை, உருகும் தண்ணீர் வடிய வழி. அந்த லொறிக்குச் சும்மா ஓடவேண்டிய தேவையே இல்லை.

காலையில் எவ்வளவு நேரம் சூடாக்குவது? டேர்போ லொறியை உடனே நிறுத்தலாமா?
– வாசகர், வவுனியா

நம் வெக்கைக்கு ஒரு நிமிடம் போதும். ஒயில் லைற் அணைந்ததும் மெதுவாக ஓட்டிச் சூடாக்குங்கள். சுமையோடு விரட்டி வந்தால் டேர்போ ஆற 2, 3 நிமிடம் கொடுங்கள். கடைசிக் கிலோமீற்றரை மெதுவாக வந்திருந்தால் ஒரு நிமிடம் காணும். முறிகண்டிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கி வரும்வரை ஓடவிடத் தேவையில்லை.

ஏர் பிரேக் லொறியில் காற்று ஏறத்தான் நேரம் போகிறதென்றால் கசிவைத் தேடுங்கள். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, காற்று நிரம்பியதும் எஞ்சினை நிறுத்துங்கள். 15 நிமிடத்தில் காற்று மீற்றரின் முள் கண்ணுக்குத் தெரிய இறங்கினால் இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பாருங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரப் பக்கக் குழாய்களையும் பார்க்கவேண்டும். அங்கே உள்ள கசிவு மிதிக்கும்போது மட்டுமே சீறும்.