பாதியில் நிற்கும் குவில்ட்

கேள்வி: எனக்கு இரண்டு பிள்ளைகள். வேலைக்கும் போகிறேன். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். துணித் துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வையான குவில்ட்டைக் கல்யாணத்துக்கு முன்பே தைக்கக் கற்றுக்கொண்டேன். மகளின் கட்டிலுக்கு ஒன்று தைக்க ஆசைப்பட்டுத் துணியெல்லாம் சதுரம் சதுரமாக வெட்டினேன். அதோடு சரி, பை அலமாரி மேல் ஏறிவிட்டது. எல்லோரும் தூங்கிய பிறகு மெஷினை எடுத்து வைத்து, எங்கே விட்டேன் என்று கண்டுபிடிப்பதற்குள் கண் சொருகுகிறது. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர். ஞாயிறு வந்தால் வாரத்து வேலை மொத்தமும் காத்து நிற்கிறது. இத்தனைக்கும் நடுவில் இது ஒரு தேவையா என்றும் தோன்றுகிறது. பேசாமல் துணியை யாருக்காவது கொடுத்துவிடலாமா?

பதில்: அன்புத் தோழிக்கு, தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். நேரமே இல்லை என்று நினைக்கிறீர்கள். ஆனால், கிடைக்கிற கொஞ்ச நேரமும் மெஷினை எடுத்து வைப்பதிலும் விட்ட இடத்தைத் தேடுவதிலுமே போய்விடுகிறது என்று உங்கள் கடிதமே சொல்கிறது. முதலில் அதைச் சரிசெய்வோம்.

குவில்ட் ஒரே வேலை இல்லை, பல வேலைகளின் சேர்க்கை. துணி வெட்ட வேண்டும், துண்டுகளை இணைத்துக் கட்டங்களாக்க வேண்டும், கட்டங்களைச் சேர்த்து மேல்துணியாக்க வேண்டும். பிறகு மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் சுருக்கமில்லாமல் அடுக்கி ஊக்கு குத்தி, மூன்றும் சேர்த்துத் தைத்து, கடைசியில் ஓரப்பட்டி வைக்க வேண்டும். இவற்றில் வெட்டுவதற்கும் மூன்றையும் விரித்து அடுக்குவதற்கும் மட்டும்தான் பெரிய இடமும், யாரும் கூப்பிடாத இரண்டு மூன்று மணி நேரமும் வேண்டும். மற்றவற்றைக் கால் மணி, அரை மணியாகவே செய்யலாம். நீங்கள் வெட்டும் வேலையை முடித்துவிட்டீர்கள். கடினமான இரண்டில் ஒன்று தாண்டியாயிற்று!

இனி அந்தப் பெரிய பையைப் பிரித்துவிடுங்கள். ஒரு கட்டத்துக்கு வேண்டிய துண்டுகளை மட்டும் ஒரு சிறிய உறையில் போட்டு, எது எதன் பக்கத்தில் வரும் என்று ஒரு சீட்டில் வரைந்து உள்ளே வையுங்கள். இப்படி எல்லாக் கட்டங்களுக்கும் உறைகள் தயாராகிவிட்டால், அப்புறம் யோசிக்க ஒன்றும் இருக்காது. உட்கார்ந்ததும் ஊசி ஓடும். எழுந்திருக்கும்போது, அடுத்துத் தைக்க வேண்டிய இரண்டு துண்டுகளை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி சேர்த்துக் குண்டூசி குத்தி வைத்துவிட்டு எழுந்திருங்கள். நாலு நாள் கழித்து வந்தாலும் விட்ட இடம் தெரியும்.

மெஷினை நிரந்தரமாக வைக்க ஒரு மூலை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கையாலேயே தையுங்கள், அதற்காக எதுவும் குறைந்துவிடாது. துண்டின் பின்பக்கம் ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே பென்சில் கோடு போட்டு, அதன்மேல் சின்னச் சின்ன ஓட்டுத் தையல், சில தையலுக்கு ஒருமுறை ஊசியைப் பின்னால் கொண்டுவந்து ஒரு இறுக்கு. அவ்வளவுதான். ஊசி, நூல், சிறிய கத்தரி, ஓர் உறை, எல்லாம் ஒரு டப்பாவில் அடங்கும். பிள்ளைகளின் வகுப்பு வாசலிலும் மருத்துவமனை வரிசையிலும் காத்திருக்கும் நேரம் இதற்குப் போதும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 12 அங்குலக் கட்டங்கள் அகலத்தில் 5, நீளத்தில் 7 என்றால் மொத்தம் 35. ஒருவர் படுக்கும் கட்டிலுக்கு அது தாராளம். வாரம் ஒரு கட்டம் முடித்தால் எட்டு மாதத்தில் எல்லாக் கட்டங்களும் கையில் இருக்கும். சில வாரங்கள் ஒன்றும் நடக்காது. நடக்காவிட்டால் போகட்டும், ஒரு வருஷம் ஆகட்டுமே.

தூக்கத்தை வெட்டி மட்டும் தைக்காதீர்கள், இதில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். கண் சொருகும்போது தையல் கோடு அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) உள்ளே போனால், இரண்டு துண்டிலுமாகச் சேர்ந்து ஓர் இணைப்புக்கு ஒரு நூல் குறையும். எட்டு இணைப்பில் ஒரு அங்குலம் போய்விடும், பக்கத்து வரிசையோடு முனைகள் சேராது. பிறகு பிரித்துத் தைக்க இன்னொரு இரவு. துணி வெட்டும் உருளும் கத்தியைத் தூக்கக் கலக்கத்தில் தொடவே கூடாது. வேலை முடிந்ததும் அதன் மூடியைப் பூட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

உங்கள் கணவர் தடுக்கவில்லை, ஆனால் 'ஞாயிற்றுக்கிழமை' என்று பொதுவாகச் சொன்னால் அந்த ஞாயிறு வரவே வராது. மூன்று அடுக்கையும் விரிக்கும் நாளுக்கு முன்கூட்டியே தேதியும் மணியும் சொல்லிக் கேளுங்கள். "அன்றைக்குக் காலை முழுக்கப் பிள்ளைகளும் வீடும் உங்கள் பொறுப்பு" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதற்கு முன், மேல்துணியாக இணைப்பதற்காகத் தரையில் பரப்பிய கட்டங்களை எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது என்று மகளே அடுக்கட்டும். அடுக்கியதும், எடுப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வரிசை மறந்துவிடும். மாமியாருக்கு ஊசி வேலையில் விருப்பமா என்று கேட்டுப் பாருங்கள். விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

இது ஒரு தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர். அங்கே கறுப்பினப் பெண்கள் வயல் வேலை, வீட்டு வேலை, பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நடுவில், நைந்துபோன வேலை உடுப்புகளைக் கிழித்துக் குவில்ட் தைத்தார்கள். குளிருக்குப் போர்த்திக்கொள்ளத் தைத்தவைதான். ஆனால் எந்த நிறத்தோடு எதைச் சேர்ப்பது என்பது அவரவர் முடிவு. அந்தக் குவில்ட்டுகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவர்களுக்கு இருந்த வேலையோடு ஒப்பிட நமக்குத் துணிவு வராது. அப்படியிருந்தும் அவர்கள் தைத்தார்கள் என்பதே உங்கள் கேள்விக்கு என் பதில்.

இந்த வாரம் பையைக் கீழே இறக்கி, துண்டுகளை உறைகளில் பிரிப்பது மட்டும் போதும். பஞ்சு விரிப்பும் அடித்துணியும் இப்போது வாங்க வேண்டாம். மேல்துணி முடிந்ததும் அளந்து பார்த்து, நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக வைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.