ரீகனெக்‌ஷன் மெமோவுக்கு முன்னால் ஒரு சோதனை

கேள்வி: எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் சிக்னல் டெக்னீஷியன் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறேன். நேரம் காலம் இல்லாமல் கூப்பிடுவார்கள், கரண்ட் அடிக்கும் என்று அம்மா பயப்படுகிறார். வேலை உண்மையில் எப்படி இருக்கும்? எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– வாசகர், விழுப்புரம்

பதில்: வாழ்த்துகள். ராத்திரியில் கூப்பிடுவது உண்மைதான், அதிலும் மழைக்காலத்தில். டிராக் சர்க்யூட் என்பது தண்டவாளத்திலேயே சிறு மின்சாரத்தை ஓடவிட்டு, மறுமுனையில் ரிலே என்ற மின்காந்த சுவிட்சைத் தூக்கி வைத்திருக்கும் ஏற்பாடு. ரயில் வந்து ஏறினால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். ஜல்லியில் சேறும் தண்ணீரும் தேங்கினாலும் இதே கதைதான்: வண்டியே இல்லாத இடத்தில் வண்டி நிற்பதாகக் காட்டும். அப்போது மணி இரண்டானாலும் போன் வரும்.

கரண்ட் விஷயத்தில் அம்மாவின் பயத்தைப் பாதி குறைக்கலாம். ரிலே சர்க்யூட் பெரும்பாலும் 24 வோல்ட் டி.சி. வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் இடம்தான் பாயிண்ட். அதை நகர்த்தும் பாயிண்ட் மெஷினுக்கு வருவது 110 வோல்ட், அதற்கு மரியாதை கொடுங்கள். தலைக்கு மேலே போகும் 25,000 வோல்ட் கம்பியின் பக்கமே போக வேண்டாம்.

ஆனால் நான் பயப்படச் சொல்வது ரயிலுக்குத்தான். 2024 ஜனவரியில் மும்பை அருகே வசை ரோடுக்கும் நைகாவுக்கும் இடையில் சிக்னல் கோளாறைப் பார்க்கப் போன மூன்று பேர் புறநகர் ரயில் மோதி இறந்தார்கள். பாயிண்ட்டில் குனிந்து வேலை செய்யும்போது காது, கண் எல்லாம் மெஷினுக்குள் போய்விடும். அதனால் வண்டி வருகிறதா என்று பார்க்க மட்டுமே ஓர் ஆள் நிற்க வேண்டும். அவர் கையில் ஸ்பேனரைக் கொடுக்காதீர்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் தண்டவாளத்துக்குள் இறங்காதீர்கள்.

அடுத்தது மெமோ. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். எதைக் கழற்றுவதானாலும், கழற்றுகிறோம் என்று எழுதி ஸ்டேஷன் மாஸ்டரிடம் டிஸ்கனெக்‌ஷன் மெமோ கொடுத்து, அவர் கையெழுத்து போட்ட பிறகே தொட வேண்டும். முடித்து, சோதித்த பிறகு, மறுபடி இணைத்துவிட்டோம் என்று ரீகனெக்‌ஷன் மெமோ. ரிலே ரூமுக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி அவரிடம், ஒரு சாவி நம்மிடம். ஒருவர் மட்டும் உள்ளே போக முடியாதபடி வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது.

எக்ஸ்பிரஸ் வெளியே நிற்கும், வண்டிகளின் ஓட்டத்தைக் கவனிக்கும் கண்ட்ரோல் அலுவலகத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு போன் வரும். "ஒரு வயரைப் போட்டு இப்போதைக்கு அனுப்பிவிடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். என்னிடமும் சொன்னார்கள். செய்யாதீர்கள். சிக்னல் கெட்டாலும் வண்டியை அனுப்ப வழி இருக்கிறது: பாயிண்ட்டை கிளாம்ப் போட்டுப் பூட்டி, ஸ்டேஷன் மாஸ்டர் லோகோ பைலட்டுக்கு எழுத்தில் அனுமதி கொடுப்பார். வண்டி மெதுவாகப் போகும், தாமதமாகும், அவ்வளவுதான். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநகா பஜாரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் பச்சை விழுந்திருந்தது. பாயிண்ட்டோ பக்கத்தில் பிரிந்து போகும் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. 290க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சிக்னல் சர்க்யூட்டை மாற்றியமைத்ததில் நடந்த தவறுகளே காரணம் என்று விசாரணை சொன்னது. ஒரு வயர் இடம் மாறினால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

சோதனை என்றால் சிக்னல் பச்சையாகிறதா என்று பார்ப்பதோடு முடிவதில்லை. ஆகக் கூடாத நேரத்தில் ஆகாமல் இருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. பாயிண்ட்டில் நகரும் நாக்குத் தண்டவாளத்துக்கும் நகராத தண்டவாளத்துக்கும் இடையில், நாக்கின் முனையிலிருந்து 150 மி.மீ. உள்ளே 5 மி.மீ. தகட்டை வைத்து ஓட்டிப் பார்ப்போம். அப்போது பாயிண்ட் பூட்டவே கூடாது. பூட்டிக்கொண்டால் அந்த பாயிண்ட்டை விட்டு நகரக் கூடாது, உடனே மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டும்.

வேலையில் சேர்ந்ததும் உங்கள் ஸ்டேஷனின் சர்க்யூட் படத்தைக் கேட்டு வாங்கி, தினமும் ஒரு ரிலேவை எடுத்துக்கொண்டு அது ஏன் தூக்குகிறது, எப்போது விழுகிறது என்று நோட்டில் எழுதுங்கள். சிக்னல்களைப் பராமரிக்கும் பழைய ஈ.எஸ்.எம். ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஜாயிண்ட்டில் மழைக்குத் தண்ணீர் தேங்கும், தண்டவாளத்தின் ஓரம் சிக்னல் கருவிகளை வைத்திருக்கும் எந்த லொக்கேஷன் பெட்டியில் எலி புகும் என்பது அவருக்குத்தான் தெரியும். நல்ல டார்ச், ரெயின்கோட், கணுக்காலை மூடும் ஷூ மூன்றையும் முதல் சம்பளத்துக்குக் காத்திராமல் இப்போதே வாங்கிவிடுங்கள்.