ஐந்தாம் வார்த்தை: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

பெரிய வெள்ளியன்று, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிப்பதைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். என் அம்மா சென்ற ஆண்டு மே மாதம் காலமானார். இரண்டு ஆண்டுகளாக டயாலிசிஸ் செய்துவந்தோம். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கடைசி வாரத்தில் அதையும் குறைத்தார்கள். அம்மா இரவெல்லாம் "ஒரு வாய் தண்ணி குடுடா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கொடுக்கவில்லை. ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டேன், அவ்வளவுதான். அடக்கத்தன்று சபைப் பெரியவர் ஒருவர், "இயேசுவின் தாகத்தில் உன் அம்மாவுக்குப் பங்கு கிடைத்தது, ஸ்தோத்திரம் பண்ணு" என்றார். எனக்கு ஸ்தோத்திரம் வரவில்லை, கோபம்தான் வந்தது. தாகத்துக்கும் பாடுகளுக்கும் ஆவிக்குரிய பொருள் என்று ஒன்று மெய்யாகவே உண்டா? நினைவு நாளுக்கு விருந்து வைக்காமல் தண்ணீர்ப் பந்தல் வைக்க நினைக்கிறேன். எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா சமயம் என்பதால் "அது நம் வழக்கம் அல்ல" என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். பெயர் வேண்டாம்.

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் கையில் வைத்திருந்துவிட்டே பதில் எழுதுகிறேன். முதலில் உடம்பைப் பற்றிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்கு, உடம்பில் தண்ணீர் கூடிக்கிடக்கும்போதே, இரத்தத்தில் தேங்கிய உப்பும் கழிவும் நாவை வறளச் செய்கின்றன. அந்த நிலையில் கேட்டபோதெல்லாம் கொடுக்கும் தண்ணீர் நுரையீரலில் கோத்துக்கொண்டு மூச்சை அடைக்கும். நீங்கள் கொடுக்காமல் இருந்தது கல்நெஞ்சத்தால் அல்ல என்பது உங்களுக்கே தெரியும். தெரிந்தும் அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை என்பதால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

வேலூரில் வேதனையைப் பற்றிப் பேச்செடுத்தால் பால் பிராண்டின் பெயர் வராமல் போகாது. 1946இல் இங்கே வந்த அந்த அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி உணர்வு அற்றுப்போவதால் சூட்டையும் வெட்டையும் அறியாமல் அவர்கள் காயப்பட்டுக்கொள்கிறார்கள் என்று கண்டார். வலி தேவன் தந்த ஈவு என்று அவர் சொல்லிவந்தது அந்தக் கைகளையும் கால்களையும் ஆண்டுக்கணக்காகப் பார்த்துப் பெற்ற தெளிவு. அதை நான் மதிக்கிறேன். ஆனால் உங்கள் அம்மாவின் தாகத்தை அந்தக் கணக்கில் சேர்க்க என்னால் முடியவில்லை. அவருடைய நாக்கு தவறான எச்சரிக்கையை விடாமல் கொடுத்துக்கொண்டிருந்தது, அதனால் அவருக்கு ஒரு நன்மையும் விளையவில்லை. எல்லா வேதனைக்கும் ஒரு பயன் இருந்தே தீரவேண்டும் என்று வேதம் எங்கும் வற்புறுத்தவில்லை. எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவுக்குக் காரணம் கற்பித்த நண்பர்கள்மேல்தான் தேவன் கோபங்கொண்டார். காரணம் கேட்டுக் கதறிய யோபுவின்மேல் அல்ல. உங்கள் கோபம் அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் வேதத்திலுள்ள யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரத்தைக் காட்டுங்கள்.

இனி, ஐந்தாம் வார்த்தைக்கு வருகிறேன். "தாகமாயிருக்கிறேன்." யோவான் 19:28. கிரேக்க மூலத்திலும் இது ஒரே சொல்தான். ஏழு வார்த்தைகளில் தம் உடம்பின் தேவையைச் சொல்கிறது இது ஒன்றே. பிரசங்கங்களில் இதை வேகமாகக் கடந்து, "அவர் ஆத்துமாக்களுக்காகத் தாகங்கொண்டார்" என்று போய்விடுவதைச் சிறுவயது முதல் கேட்டு வருகிறேன். அந்த விளக்கம் பழமையானது, பிழையும் அல்ல. கிணற்றடியில் ஒரு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட இயேசு, அந்தப் பெண்ணின் விசுவாசத்தின்மேல் தாகமாயிருந்தார் என்று பழைய திருச்சபைப் போதகர் அகுஸ்தீன் எழுதினார். அன்னை தெரசாவின் சபையார் தங்கள் சிற்றாலயங்களில் சிலுவையின் பக்கத்தில் இந்த வார்த்தையை எழுதிவைத்திருக்கிறார்கள். ஆயினும் முதலில் அது நாக்கு வறண்ட ஒரு மனிதனின் தாகம். 22ஆம் சங்கீதம் சொல்கிறபடி, பெலன் ஓட்டைப்போல் காய்ந்து, நாவு மேல்வாயோடே ஒட்டிக்கொண்ட தாகம். கிறிஸ்துவின் உடம்பு வெறும் தோற்றம், அவருக்கு உண்மையில் நோகவில்லை என்று போதித்தவர்கள் ஆதித் திருச்சபைக் காலத்திலேயே இருந்தார்கள். அந்தப் போதனைக்கு இந்த ஒரு சொல்லே போதுமான மறுப்பு. அதை உடனே உருவகமாக்கிவிடுகிறவர்கள், தம்மை அறியாமலே, அந்த உடம்பை மறுபடியும் தோற்றமாக்கிவிடுகிறார்கள் என்று நான் அஞ்சுகிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிலுவையில் அறையுமுன், வலியை மரக்கச் செய்ய வெள்ளைப்போளம் என்னும் பிசின் கலந்த திராட்சரசத்தைக் கொடுத்தபோது அவர் ஏற்றுக்கொள்ளவில்லை என்று மாற்கு எழுதுகிறார். இதை வைத்து, வலியைத் தாங்குவதே மேன்மை என்று பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் கடைசி நேரத்தில் அவரே வாய்திறந்து தாகத்தைச் சொன்னார், கொடுத்ததை வாங்கிக்கொண்டார். ஆகவே இரவெல்லாம் தண்ணீர் கேட்ட உங்கள் அம்மா விசுவாசத்தில் குறைந்துபோகவில்லை. தேவகுமாரன் சொன்னதையே அவரும் சொன்னார்.

இயேசு இதற்கு முன்பும் தண்ணீர் கேட்டிருக்கிறார். யாக்கோபின் கிணற்றருகே, நடுப்பகலில், ஒரு சமாரியப் பெண்ணிடம், "தாகத்துக்குத் தா." யூதர்கள் சமாரியருடனே சம்பந்தங்கலவாதவர்கள் என்று சுவிசேஷமே அங்கே நிறுத்திச் சொல்கிறது. இதன் பொருளை வட ஆற்காட்டுக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பாலாறு வறண்ட கோடையில் மணலில் ஊற்றுத் தோண்டுவோம். முழங்கை ஆழத்தில் ஈரம் தட்டும். பிறகு கலங்கல் தெளியும்வரை குந்தியிருந்து, கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். எங்கள் பாட்டி தெளிந்த ஊற்றைக் காட்டி, "அது ஊர்க்காரங்க ஊத்து, கிட்ட போவாத" என்பார். ஒரே மணல், அடியில் ஒரே நீர், ஊற்று மட்டும் வேறு. பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவர். யோவான் 4ஆம் அதிகாரத்தைப் பிறர் வாசிக்கக் கேட்டால் கண்கலங்குவார். ஜீவத்தண்ணீரைப் பற்றிய பகுதிக்கு அவர் வரவே மாட்டார். தன்னைப் போன்ற ஒருத்தியின் குடத்திலிருந்து ஆண்டவர் தண்ணீர் கேட்டார் என்ற இடத்திலேயே நின்றுவிடுவார். எனக்குத் தெரிந்து இந்த வேதபகுதிக்கு அதைவிட ஆழமான வியாக்கியானம் இல்லை.

பாடுகளின் ஆவிக்குரிய பொருளைக் கேட்டீர்கள். நான் நம்புவது இதுதான். தாகத்துக்குள் ஒளிந்திருக்கும் பொருளைத் தாகமாயிருக்கிறவரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று கிறிஸ்தவ விசுவாசம் கேட்பதில்லை. "தாகமாயிருந்தேன், என் தாகத்தைத் தீர்த்தீர்கள்" என்று மத்தேயு 25இல், கடைசி நாளில் நியாயந்தீர்க்க வரும் கிறிஸ்து பேசுவது, தாகமாயிருந்தவர்களின் பக்கத்தில் நின்றவர்களிடம். தேவன் தம்மைத் தாகமுள்ளவர்களின் இடத்தில் வைத்துவிட்டார். கேள்வி மற்றவர்களை நோக்கித் திரும்பிவிட்டது. அதனால்தான் மனிதர் உண்டாக்கிய தாகத்தைத் தேவசித்தம் என்று சொல்வதை நான் பொறுப்பதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் கிணறுகள் கெட்டன. அங்குள்ள மக்களின் சார்பில் வேலூர்க்காரர்கள் தொடுத்த வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தக் கிணற்றடியில் பொறுமையைப் போதிப்பது பிரசங்கம் ஆகாது.

உங்கள் ஈரத்துணிக்கு வருகிறேன். அந்தக் கடைசி நேரத்தை எழுதும்போது மத்தேயு சொல்கிறார்: ஒருவன் ஓடி, கடற்காளானை (கடற்பஞ்சை) எடுத்து, காடியில் (புளித்த திராட்சரசத்தில்) தோய்த்து, கோலில் மாட்டிக் குடிக்கக் கொடுத்தான், மற்றவர்களோ, "பொறு, எலியா இவனை இரட்சிக்க வருவானோ பார்ப்போம்" என்றார்கள். பரியாசமாகக் கொடுத்தார்கள் என்று லூக்கா எழுதுவதையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் ஓடிய அந்த ஒருவனை என்னால் விடமுடியவில்லை. அவன் பெயர் யாருக்கும் தெரியாது. குவளை கொண்டுபோய்க் குடிக்கவைக்க அவனுக்கு வழியில்லை. உதட்டை நனைக்க மட்டும் முடிந்தது, அதைச் செய்தான். உங்கள் கடிதத்தில் "அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள்.

தண்ணீர்ப் பந்தலைக் கட்டாயம் வையுங்கள். சிறியரில் ஒருவனுக்கு ஒரு கலசம் தண்ணீர் கொடுக்கிறவன் தன் பலனை அடையாமல் போகான் என்று ஆண்டவர் சொன்னபோது, குடிக்கிறவன் எந்தத் திருவிழாவுக்கு வந்தவன் என்று கேட்கச் சொல்லவில்லை. கெங்கையம்மன் சிரசு பார்க்க வருகிற கூட்டம் அக்கினி நட்சத்திர வெயிலில்தான் வருகிறது. உறவினர்கள் வருத்தப்பட்டால் அவர்களையும் அழைத்து, பந்தலில் ஒரு மணி நேரம் நிற்கச் சொல்லுங்கள். பானைகளை மணல் பரப்பி அதன்மேல் வையுங்கள், ஈரச்சாக்கு சுற்றுங்கள். குவளையைச் சங்கிலியில் கட்டிவைக்க வேண்டாம். கேட்கிறவர்களுக்கு நீங்களே மொண்டு, கையில் கொடுங்கள்.