ஈ.ஐ. உங்களுக்குத்தான், தம்பியின் வானுக்கு இல்லை

கேள்வி:

நானும் கணவரும் எட்டு வருடமாகக் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபுரோவில் இருக்கிறோம். இரண்டு பேருக்கும் பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) இருக்கிறது. உணவு பொதி செய்யும் தொழிற்சாலையில் நாலு வருடமாக முழுநேர வேலை செய்கிறேன். மணிக்கு 22 டொலர், கிழமைக்கு 40 மணித்தியாலம். கணவருக்கு அல்பேர்ட்டா மாகாணத்து எட்மன்ரனில் கொஞ்சம் கூடிய சம்பளத்தில் மெக்கானிக் வேலை கிடைத்திருக்கிறது. ஜூலை முதல் கிழமை தொடங்குகிறார். நான் மே நடுவிலேயே வேலையை விட்டு, அக்கா மகளின் சாமத்திய வீட்டுக்கு மூன்று கிழமை வவுனியா போய் வந்து, பிறகு பிள்ளைகளோடு எல்லாருமாக எட்மன்ரன் போக யோசிக்கிறேன். நானாக வேலையை விட்டால் ஈ.ஐ. (வேலையிழந்தவர்களுக்கு அரசு தரும் காப்புறுதிப் பணம்) கிடைக்காது, மனேஜரிடம் சொல்லி லே-ஓஃப், அதாவது நிறுவனமே நிறுத்தியது என்று போடுவியுங்கள் என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். லைன் ஒஃப் கிரெடிட்டில் (ஓர் எல்லை வரை வேண்டியபோது எடுத்துக் கட்டும் வங்கிக் கடன்) 18,500 டொலர் கடன் இருக்கிறது. வட்டி 9.5 வீதம், எல்லை 30,000. அதிலிருந்து மாதம் 900 எடுத்து ஊருக்கு அனுப்புகிறேன்: அம்மா அப்பாவுக்கு 500, தம்பியின் வான் லீசிங்குக்கு 400. சம்பளத்தில் 600 திருப்பிக் கட்டுகிறேன். தம்பி வானில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறான், பின்னேரம் ஹயர் ஓடுகிறான். லீசிங் இன்னும் 22 மாதம் இருக்கிறது. இப்போது இரண்டாவது வான் எடுக்க 10,000 கேட்கிறான். ஈ.ஐ. வந்தால் சமாளிக்கலாம்தானே? லைனுக்கு வேலையிழப்புக் காப்புறுதி எடுத்தால் பயமில்லை என்று ஒரு முகவர் சொல்கிறார். ஈ.ஐ. எடுத்தால் சிட்டிசன்ஷிப் விண்ணப்பம் பாதிக்குமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்:

கடைசிப் பயத்தை முதலில் போக்கிவிடுகிறேன். ஈ.ஐ. சமூக உதவிப் பணம் இல்லை. நாலு வருடமாகக் கிழமைக்கு 14 டொலர் அளவில் உங்கள் சம்பளத்திலிருந்து பிடித்த காப்புறுதி. அதை எடுப்பதால் குடியுரிமை விண்ணப்பத்துக்கு ஒரு பாதிப்பும் வராது.

அடுத்தது, வேலையை நீங்களாக விட்டாலும் ஈ.ஐ. கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தகுந்த காரணம் இல்லாமல் வேலையை விடுபவர்களுக்கு ஒரு சதமும் இல்லை என்ற கடுமையான விதி 1993இல் வந்தது. ‘விட்டால் கிடைக்காது’ என்று உங்கள் தொழிற்சாலையில் சொல்வது அந்த விதியின் பாதியைத்தான். தகுந்த காரணங்கள் எவை என்று சட்டமே ஒரு பட்டியல் போட்டிருக்கிறது. வாழ்க்கைத்துணையோடு வேறு ஊருக்குக் குடிபெயர வேண்டியிருப்பது அதில் ஒன்று. மணித்தியாலக் கணக்கு உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. கேட்பது கடைசி 52 கிழமைகளில் 420 முதல் 700 வரை. உங்களிடம் இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கிறது.

அதனால் மனேஜரிடம் லே-ஓஃப் போடச் சொல்லி ஒருபோதும் கேட்காதீர்கள். அது பொய் வாக்குமூலம். பிடிபட்டால் எடுத்த காசு முழுவதையும் தண்டத்தோடு திருப்பிக் கட்ட வேண்டும், பிறகு எப்போது ஈ.ஐ. கேட்டாலும் கூடுதல் மணித்தியாலம் காட்டச் சொல்வார்கள், உங்களுக்கு உதவிய மனேஜரும் மாட்டுவார். தேவையும் இல்லை. வேலை முடியும்போது நிறுவனம் கொடுக்கும் ஆர்.ஓ.ஈ. படிவத்தில் துணையோடு போவதற்காக வேலையை விட்டவர்களுக்கென்றே ஈ02 என்று ஒரு குறியீடு இருக்கிறது. சம்பளப் பிரிவில் அதைப் போடச் சொல்லுங்கள். உண்மையே உங்களுக்குச் சாதகமாக இருக்கும்போது பொய் எதற்கு?

சரி, இப்போது காசுக்கு வருவோம். எனக்குக் கவலை தருவது அதுதான்.

ஈ.ஐ. என்பது சம்பளத்தில் 55 வீதம். உங்கள் 880 டொலருக்கு 484 வரும். அதிகம் உழைத்த கிழமைகளை வைத்துத்தான் சராசரி பார்ப்பார்கள் என்பதால், ஓவர்டைம் செய்திருந்தால் சற்றுக் கூடலாம். வரி கழிந்து கைக்கு 450 அளவில், மாதத்துக்கு 1,950 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் கைக்கு வருவது ஏறக்குறைய 3,100. ஆக மாதம் 1,150 குறைகிறது. கணவருக்குக் கூடும் சம்பளத்தை இந்தப் பள்ளத்தில் போட்டு நிரப்ப நினைக்காதீர்கள். எட்மன்ரன் குளிரில் இரண்டு பிள்ளைகளோடு இரண்டாவது கார் இல்லாமல் சமாளிப்பது கஷ்டம். காரும் அதன் இன்சூரன்சுமே அந்தக் கூடுதலை எடுத்துக்கொண்டுவிடும்.

இந்த 1,950இலிருந்துதான் தம்பியின் லீசிங்கும் போக வேண்டும் என்கிறீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டாம் தரம் வாசித்தபோது என்னை உறுத்திய இடம் இதுதான். கைக்கு 3,100 வரும் இன்றைக்கே உங்களால் அந்தக் காசைச் சம்பளத்திலிருந்து அனுப்ப முடியவில்லை. லைனில் எடுத்துத்தான் அனுப்புகிறீர்கள். மாதம் 900 எடுக்கிறீர்கள், வட்டி 146 ஏறுகிறது, 600 கட்டுகிறீர்கள். ஆக மாதாமாதம் கடன் 446 டொலர் கூடுகிறது. 600 கட்டுவதால் கடன் அடைகிறது என்ற நினைப்பு உங்களுக்கு இருக்கிறது. அடையவே இல்லை, வருடத்துக்கு ஐயாயிரத்துக்கு மேல் ஏறுகிறது. ஜூலையில் நீங்கள் எட்மன்ரனில் இறங்கும்போது அது 20,000 அளவில் நிற்கும். அதில் தம்பிக்கு 10,000 எடுத்துக் கொடுத்தால் அன்றைக்கே 30,000 எல்லையை முட்டிவிடுவீர்கள். வட்டி மட்டும் மாதம் 237. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலோ கார் பழுது என்றாலோ எடுக்க ஒரு டொலர் இருக்காது. அப்புறம் கடனட்டைதான். அதன் வட்டி எவ்வளவு என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அம்மா அப்பாவுக்கு அனுப்பும் 500ஐ நிறுத்தச் சொல்லவே மாட்டேன். அது கடமை, அதை நீங்கள் மனமார்ந்து செய்கிறீர்கள். ஆனால் அதைச் சம்பளத்திலிருந்து அனுப்புங்கள், லைனிலிருந்து அல்ல. ஈ.ஐ.யில் இருக்கும் மாதங்களில் 300 ஆகக் குறைத்தால் அம்மா கோபிக்க மாட்டார். காரணத்தைச் சொல்லிவிடுங்கள், போதும்.

தம்பியின் விஷயம் வேறு. மாதம் 400 டொலர் ஊர்க் காசில் எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறான், பின்னேரம் ஹயர் ஓடுகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வான் தினமும் உழைக்கிறது. உழைக்கும் வானின் லீசிங்கை அந்த வானே கட்ட வேண்டும். கட்ட முடியவில்லை என்றால், வருமானம் வேறெங்கோ போகிறது, அல்லது அந்தத் தொழில் கட்டுப்படியாகவில்லை. முதலாவது என்றால் நீங்கள் 400 அனுப்புவது தேவையில்லாத உதவி. இரண்டாவது என்றால், ஒரு வானுக்கே வழியில்லாத இடத்தில் இரண்டாவது வான் எதற்கு? எப்படிப் பார்த்தாலும் அந்த 10,000 கொடுக்கக் கூடாது. கொஞ்சமாக, 3,000 என்றும் வேண்டாம். முடியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ‘பார்க்கலாம்’ என்று இழுத்தால் அவன் அங்கே முற்பணம் கொடுத்துவிட்டு உங்களைக் கூப்பிடுவான்.

பழைய லீசிங் இன்னும் 22 மாதம் இருக்கிறதாம். 8,800 டொலர். அதை ஒரேயடியாக நிறுத்தினால் வானைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், குடும்பத்துக்குள் மனத்தாங்கல் வரும். அதனால் இப்போதே சொல்லி மே, ஜூன் இரண்டு மாதமும் சம்பளத்திலிருந்து கட்டுங்கள், ஜூலையிலிருந்து அவன் பொறுப்பு. இரண்டு மாத அவகாசம் போதும். நீங்கள் சொல்லத் தயங்கினால் கணவர் சொல்லட்டும். கணவருக்கு இந்த 18,500 முழுவதும் தெரியுமா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. தெரியாது என்றால், எட்மன்ரன் போகும் முன் தெரியவேண்டும்.

முகவர் சொல்லும் அந்தக் காப்புறுதி எனக்கு எரிச்சல் தரும் பண்டம். கடனட்டைகளுக்கான இப்படியான காப்புறுதியில் நூறு டொலர் நிலுவைக்கு மாதம் ஒரு டொலர் அளவில் பிடிப்பார்கள். உங்கள் நிலுவைக்கும் அந்தக் கணக்கில் பிடித்தால் மாதம் 185. வட்டியைவிடக் கூட! வேலையிழப்புக் காப்புறுதி என்பது நிறுவனம் உங்களை நிறுத்தினால் கட்டும் காப்புறுதி. நீங்களாக வேலையை விட்டால் கட்டாது, பத்திரத்தின் விலக்குப் பகுதியிலேயே எழுதியிருக்கும். வேலையை விடப்போகிறேன் என்று சொல்லும் ஒருவருக்கு இதைப் பரிந்துரைக்கும் முகவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள்.

இனி மே மாதத் திட்டம். இதில் நீங்கள் இரண்டு வகையில் அடிபடுவீர்கள். மே நடுவில் வேலையை விட்டு ஊருக்குப் போனால், நீங்கள் விட்ட காரணம் கணவரோடு போவதா, சாமத்திய வீடா என்று ஈ.ஐ.யைக் கவனிக்கும் சேர்விஸ் கனடா அதிகாரி கேட்பார். நியாயமான கேள்விதான். குடிபெயரும் நாளுக்கும் வேலையை விடும் நாளுக்கும் இடையில் ஏழு கிழமை இருந்தால் உங்கள் காரணம் பலமிழந்துவிடும். அதோடு கனடாவுக்கு வெளியே இருக்கும் நாட்களுக்கு வழக்கமான ஈ.ஐ. கிடையாது. நெருங்கிய உறவினரின் மரணச் சடங்கு, கடும் நோயிலிருக்கும் உறவினரைப் பார்ப்பது போன்ற சில காரணங்களுக்கு மட்டும் ஏழு நாள் விடுவார்கள். சாமத்திய வீடு அந்தப் பட்டியலில் இல்லை. சொல்லாமல் போய்வரவும் நினைக்காதீர்கள். எல்லை அதிகாரிகளின் பதிவு அவர்களுக்குக் கிடைக்கும்.

ஜூன் கடைசிக் கிழமை வரை வேலை செய்யுங்கள். ஆறு கிழமை, கைக்கு 715 வீதம் வைத்தால் 4,300 டொலர். விமானச் செலவும் கையில் நிற்கும். பிள்ளைகளின் பள்ளியும் அப்போதுதான் முடிகிறது. அக்கா மனம் நோவார், எனக்கும் புரிகிறது. ஒரு நல்ல அன்பளிப்பை அனுப்பி, வீடியோவில் முன்வரிசையில் இருங்கள். அந்த 4,300ஐ லைனில் கட்டாதீர்கள், தனியாகச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். வேலையை விட்ட வழக்குகளில் அதிகாரி கூப்பிட்டு விசாரித்துத்தான் முடிவெடுப்பார். அதற்கு நாளாகும். முதல் ஒரு கிழமைக்கு வழக்கமாகக் காசும் இல்லை. இரண்டு மாதம் ஒன்றும் வராது என்று நினைத்துத் திட்டம் போடுங்கள்.

அதிகாரி முக்கியமாகக் கேட்கப்போவது ஒன்று: வேலையை விடுவதைத் தவிர வேறு வழி பார்த்தீர்களா? அதற்கு இப்போதே வேலை தொடங்குங்கள். உங்கள் நிறுவனத்துக்கு அல்பேர்ட்டாவில் கிளை இருக்கிறதா, மாற்றம் தருவார்களா, சம்பளமில்லாத விடுப்புத் தருவார்களா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வாயால் கேட்டால் ஆதாரம் இல்லை. இல்லை என்று பதில் வந்தால் அதுவே உங்களுக்குத் தேவையான கடதாசி. மே மாதத்திலிருந்தே எட்மன்ரன் தொழிற்சாலைகளுக்கு விண்ணப்பித்து, தேதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வேலைவிலகல் கடிதத்தில், கணவரின் வேலை காரணமாகக் குடும்பமாக எட்மன்ரனுக்குக் குடிபெயர்கிறோம் என்று ஒரே வரியில் காரணம் இருக்கட்டும். கணவரின் ஒஃபர் லெட்டர், புது வீட்டு வாடகை ஒப்பந்தம், லொறிக்காரரின் பில் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள்.

இதை வாசிக்கும் வேறு சிலருக்கும் ஒரு சொல். துணையோடு ஒன்றாக வாழ்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தால் பதிவுத் திருமணம் இல்லாவிட்டாலும் இந்தக் காரணம் செல்லும். பி.ஆர். இல்லாமல் வேலை அனுமதிப்பத்திரத்தில் இருப்பவர்களும் ஈ.ஐ. கேட்கலாம். ஆனால் ஒரே நிறுவனத்துக்கு மட்டும் என்று கட்டுப்படுத்திய பத்திரம் என்றால், புது ஊரில் வேலை செய்யத் தயார் என்று காட்டுவது கஷ்டம். அவர்கள் முதலில் பத்திரத்தை மாற்றும் வழியைப் பார்க்க வேண்டும்.

கடைசி வேலைநாள் முடிந்த உடனேயே இணையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ஆர்.ஓ.ஈ. வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. நாலு கிழமை தாண்டினால் அந்தக் கிழமைகளின் காசை இழக்கலாம். லொறியில் சாமான் ஏற்றும் அவசரத்தில் இது மறந்துபோகும், அதனால் கணவரின் கைபேசியிலும் நாளைக் குறித்து வையுங்கள். எட்மன்ரன் போனதும் முகவரியை மாற்றி, இரண்டு கிழமைக்கு ஒரு அறிக்கையைத் தவறாமல் கொடுங்கள். பகுதிநேரமாக நாலு மணித்தியாலம் வேலை செய்தாலும் அதில் எழுத வேண்டும். நிராகரித்துக் கடிதம் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். மறுபரிசீலனை கேட்க 30 நாள் இருக்கிறது. அந்தக் கோப்பிலுள்ள மின்னஞ்சல்களின் பிரதியை இணைத்து அனுப்புங்கள். கணவர் அங்கே வேலை தொடங்கியதற்குச் சாட்சியாக அவரின் முதல் பே ஸ்டப்பையும் சேர்த்துக்கொள்ளலாம்.