மோதெனா பால்சாமிக் வினிகர்: தாங்கள் வாங்கியது போலியன்று

வணக்கம். இத்தாலியின் மோதெனா நகரில் 250 மில்லி பால்சாமிக் வினிகர் (திராட்சைச் சாற்றிலிருந்து செய்யும் இனிப்பும் புளிப்பும் கலந்த காடி) சில யூரோக்களுக்குக் கிடைத்ததாகவும், அதே கடையில் 100 மில்லிப் புட்டிக்குப் பல மடங்கு விலை சொன்னதால் ஏமாந்துவிட்டோமோ என்று ஐயுறுவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஏமாறவில்லை, அவை இரண்டும் வெவ்வேறு பொருள்கள்.

தங்கள் புட்டியில் 'ஐ.ஜி.பி.' என்றிருப்பதால், அது 2009இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்ற வகை. திராட்சைச் சாற்றுடன் வைன் வினிகரும் சேரும் அதனை, மரக் கொள்கலனில் 60 நாட்கள் வைத்தபின் விற்கலாம்.

விலை மிகுந்த 'திராதிசியோனாலே' (மரபுவழி) வகையிலோ காய்ச்சிய திராட்சைச் சாறு மட்டுமே உண்டு. வீட்டின் மேல்மாடத்தில், ஒன்றைவிட ஒன்று சிறிதாக அடுக்கிய மரப்பீப்பாய்களில் அது கோடை வெப்பத்தில் சுண்டிச் சுண்டிக் கெட்டியாகிறது. ஆண்டுக்கொரு முறை மிகச் சிறிய பீப்பாயிலிருந்து சிறிதளவே எடுத்து, அந்தக் குறையை அடுத்த பெரியதிலிருந்து நிரப்பி, அவ்வாறே வரிசை முழுவதும் நிரப்பிக்கொண்டு போய், கடைசிப் பீப்பாயில் அவ்வாண்டுச் சாற்றை ஊற்றுகிறார்கள். குறைந்தது 12 ஆண்டுகள். 'எக்ஸ்ட்ராவெக்கியோ' (மிகப் பழையது) என்று குறித்திருந்தால் 25 ஆண்டுகள். இத்தனை காலம் முடங்கும் முதலீட்டையும் ஆவியாகிப் போகும் சாற்றையும் நினைத்தால், அந்த விலை நியாயமானதே என்பது என் உறுதியான கருத்து.

தங்களுடையதைச் சாலட்டுக்கும் சமையலுக்கும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மற்றதைச் சூடாக்காமல், பார்மிஜானோ பாலாடைக்கட்டியின் மேல் சில துளிகள் விட்டு உண்பார்கள். அடுத்த முறை ஐ.ஜி.பி. வகை வாங்கும்போது, சேர்பொருள் பட்டியலில் வினிகருக்கு முன்பாகத் திராட்சைச் சாறு இடம்பெற்றுள்ளதா என்று பாருங்கள். அதுவே இனிப்பும் அடர்த்தியும் கூடியதாக இருக்கும்.