நடுவிரலுக்கு ஒரு வேலை: கிட்டார் கேள்வி பதில்

எட்டு வருஷமாக பிக் (தந்தியை மீட்டும் சின்னத் தகடு) வைத்துத்தான் வாசிக்கிறேன். ஆல்பர்ட் லீ வாசிப்பதைக் கேட்டதிலிருந்து அமெரிக்க கன்ட்ரி இசை கிட்டார் பைத்தியம் பிடித்துவிட்டது. பிக்கைக் கையில் வைத்துக்கொண்டே நடுவிரலாலும் மோதிர விரலாலும் மீட்டும் ஹைபிரிட் பிக்கிங்கை மூன்று மாதமாக முயல்கிறேன். பிக் பட்ட சுரம் கணீரென்று கேட்கிறது. விரல் பட்டது பூனை நடந்த மாதிரி இருக்கிறது. வேகமும் வரவில்லை. எங்கே தப்பு?
— வாசகர், கோவை

முதலில் உங்கள் சுண்டுவிரல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கிட்டார் உடம்பில் ஊன்றியிருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். நானும் நாலு வருஷம் அப்படித்தான் ஊன்றி வைத்திருந்தேன், நங்கூரம் போட்ட மாதிரி. சுண்டுவிரலைக் கட்டிப்போட்டால் மோதிர விரலும் பாதி கட்டுப்பட்டுவிடும். மேஜையில் கையை வைத்து, சுண்டுவிரலை அழுத்திக்கொண்டு மோதிர விரலை மட்டும் ஆட்டிப் பாருங்கள், புரியும். சுண்டுவிரலைச் சும்மா தொங்க விடுங்கள். உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜ் (கிட்டார் உடம்பில் தந்திகள் உட்காரும் இடம்) பக்கத்தில் லேசாகப் பட்டால் போதும்.

அடுத்தது, விரலை எங்கிருந்தோ ஓங்கி வந்து தந்தியைத் தட்டாதீர்கள். முதலில் விரல் தந்தியில் உட்கார வேண்டும், அப்புறம் உள்ளங்கையை நோக்கி இழுக்க வேண்டும். பூனை நடை போய்விடும்.

பயிற்சிக்கு இடது கையே வேண்டாம். மெல்லிய தந்தியை 1 என்று எண்ணி, 4, 3, 2 ஆகிய தந்திகளைத் திறந்தபடி மீட்டினாலே டி, ஜி, பி, அதாவது ஒரு ஜி மேஜர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) கிடைக்கிறது. நாலாவது தந்திக்கு பிக், கீழ்நோக்கி மட்டும். மூன்றாவதுக்கு நடுவிரல், இரண்டாவதுக்கு மோதிர விரல். வாயில் ‘தகிட தகிட தக’ என்று சொல்லுங்கள். ஒவ்வொரு ‘த’வுக்கும் பிக், ‘கி’க்கு நடுவிரல், ‘ட’வுக்கு மோதிர விரல், கடைசி ‘க’வுக்கு மறுபடி நடுவிரல். மூன்று, மூன்று, இரண்டு, ஆக எட்டு. பாஞ்சோவில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பரப்பிய மூன்று விரல் உருட்டலுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60-ல் வையுங்கள், ஒரு தட்டுக்கு இரண்டு சுரம். தூக்கம் வரும் வேகம்தான். வரட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். பிக் சத்தமும் விரல் சத்தமும் அச்சு அசலாக ஒன்றாக வேண்டும் என்று ஏன் ஆசைப்படுகிறீர்கள்? உருட்டலில் அளவு ஒத்துப்போக வேண்டும், சரி. ஆனால் கன்ட்ரி கிட்டாரின் ருசியே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ‘சிக்கன் பிக்கிங்’ என்று அவர்கள் சொல்வது கோழி கொக்கரிக்கிற அந்தச் சத்தத்தைத்தான். லூசியானாக்காரர் ஜேம்ஸ் பர்ட்டன் பிக்கைப் பிடித்தபடியே நடுவிரலில் தனியாக ஒரு ஃபிங்கர் பிக்கும் மாட்டிக்கொண்டு வாசித்தவர். 1976-ல் கன்ட்ரி பாடகி எமிலூ ஹாரிஸின் ‘ஹாட் பேண்ட்’ குழுவில் பர்ட்டன் இடத்துக்கு வந்தவர்தான் உங்கள் ஆல்பர்ட் லீ.

கோழியை வரவழைக்கும் வழி இது. மூன்றாவது தந்தி, ஏழாவது ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி). இடது விரலை அழுத்தாமல் தொட்டபடி வைத்து பிக்கால் ஒரு அடி: ‘டக்’ என்று சுரமில்லாத செத்த சத்தம். உடனே இடது விரலை அழுத்தி, அதே தந்தியை நடுவிரலால் கொக்கி போட்டு இழுத்து விடுங்கள். தந்தி ஃபிரெட்டில் மோதி ‘டாங்’ என்று எகிறும். அது நீளக் கூடாது, அடுத்த நொடியே நடுவிரல் திரும்பவும் தந்தியில் உட்கார்ந்து வாயை அடைத்துவிட வேண்டும். டக்-டாங், டக்-டாங். நான் பழகிய வாரத்தில் மாடி வீட்டுப் பாட்டி வந்து, “கிட்டார் ரிப்பேரா தம்பி?” என்று கேட்டார். சரியான பாதையில்தான் போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கன்ட்ரி பாடல்களில் அழுகிற மாதிரி வழுக்கி ஏறும் பெடல் ஸ்டீல் சத்தத்தைச் சாதாரண கிட்டாரில் கொண்டுவர முடியுமா?
— வாசகர், டொரன்டோ

கிட்டத்தட்ட முடியும். பெடல் ஸ்டீல் என்பது கால் பெடல்கள் வைத்த ஒரு வகை கிட்டார். அதில் காலால் பெடலை மிதித்தால் ஒரு சில தந்திகள் மட்டும் சுருதி ஏறும், மற்றவை அசையாமல் நிற்கும். நகர்வதும் நிற்பதும் ஒரே நேரத்தில் கேட்பதால்தான் அந்த அழுகை. நாம் காலுக்குப் பதில் விரலால் தந்தியை வளைக்க வேண்டும்.

சி கார்டுக்கு ஒன்று சொல்கிறேன். மூன்றாவது தந்தியில் ஏழாவது ஃபிரெட், இரண்டாவதிலும் முதலாவதிலும் எட்டாவது ஃபிரெட். மூன்றாவதை பிக்காலும், மற்ற இரண்டை நடுவிரல், மோதிர விரலாலும் ஒரே சமயத்தில் கிள்ளுங்கள். பிக்கால் மட்டும் வருடினால் தந்திகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும், மாயம் கலைந்துவிடும். கிள்ளியதும் மூன்றாவது தந்தியை மட்டும் ஒரு முழு சுரம் மேலே வளையுங்கள். டி, இ ஆகும்போது இ, ஜி, சி மூன்றும் சேர்ந்து சி மேஜர் முழுசாகிவிடும். மேல் இரண்டு தந்திகளும் இம்மி அசையக் கூடாது. பத்துத் தடவையில் ஒன்பது தடவை அசையும். பத்தாவதுக்காகத்தான் உட்கார வேண்டும்.

இதற்கு டெலிகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார்தான் வாங்க வேண்டுமா?
— வாசகர், திருச்சி

வேண்டாம். பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்பில் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) அதன் கூர்மையான சத்தத்துக்காகக் கன்ட்ரிக்காரர்கள் அதைக் கட்டி அழுகிறார்கள், உண்மைதான். உங்களிடம் இருக்கும் எலக்ட்ரிக் கிட்டாரில் பிரிட்ஜ் பிக்கப்பைப் போட்டு, 9 அல்லது 10-ல் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் முதல் தந்தியின் தடிமன்) தொடங்கும் மெல்லிய தந்தி செட் மாட்டுங்கள். காசு செலவழித்தே ஆக வேண்டும் என்று கை அரித்தால் ஒரு கம்ப்ரெஸர் பெடல் வாங்குங்கள். அது விரல் சத்தத்தையும் பிக் சத்தத்தையும் ஓரளவு சமன் செய்யும். ஆனால் முதல் ஆறு மாசம் அதை ஆன் செய்யாதீர்கள், கையின் குறையைக் காதிலிருந்து ஒளித்துவிடும்.

பத்து வருஷம் வீணை கற்றவள் நான். அந்த விரல் பழக்கம் இதற்கு உதவுமா? நகம் வளர்க்கவா, சதையிலேயே மீட்டவா?
— வாசகி, மயிலாப்பூர்

விரல் தனித்தனியாக இயங்கும் பழக்கம் உதவும், திசை காலை வாரும். வீணையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கீழ்நோக்கி மீட்டுகின்றன, இங்கே நடுவிரல் மேல்நோக்கி இழுக்க வேண்டும். தாளத் தந்திகளை மேல்நோக்கி மீட்டும் உங்கள் சுண்டுவிரலுக்கு மட்டும்தான் அந்தத் திசை பழக்கம். அந்த அசைவை நினைவில் வைத்துக்கொண்டு மோதிர விரலுக்குச் சொல்லிக் கொடுங்கள், சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

நகத்துக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஓட்டலில் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில், நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் மோதிர விரல் நகம் உடைந்தது. பிங்பாங் பந்தை வெட்டி, பசை போட்டு ஒட்டிக்கொண்டேன். முதல் பாட்டு பிரமாதம். இரண்டாவது பாட்டில் அது பிய்த்துக்கொண்டு பறந்து கீபோர்டுக்காரர் சட்டைப் பைக்குள் விழுந்தது. அவர் இடைவேளை வரைக்கும் கவனிக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை. மீதிப் பாட்டையெல்லாம் சதையிலேயே வாசித்தேன், யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

அன்றிலிருந்து விரல் நுனிச் சதைக்கு ஒரு மில்லிமீட்டர் மேலே நகம் விட்டு, வளைவாக ராவி வைத்துக்கொள்கிறேன். சதை முதலில் தந்தியைப் பிடிக்கும், நகம் கடைசியில் விடுவிக்கும். ராவியபின் பழைய ஸ்டாக்கிங்ஸ் துணியில் தேய்த்துப் பாருங்கள். நூல் மாட்டினால் இன்னும் கொஞ்சம் ராவ வேண்டும்.