'ஏ.இ.எஸ்.' என்று மட்டும் எழுதினால் போதுமா?

கேள்வி: துறைமுகச் சரக்கு ஆவணங்களைக் கையாளும் சிறிய அலுவலகத்துக்கு மென்பொருள் எழுதுகிறேன். எதிர்த்தரப்பினர் 'ஏ.இ.எஸ்-256-சி.பி.சி.' என்கிறார்கள், எங்கள் ஜாவா நிரலில் 'ஏ.இ.எஸ்.' என்றே இருக்கிறது. சாவி ஒன்றாக இருந்தும் கோப்பு திறக்கவில்லையே, ஏன்?
– வாசகர், ராயபுரம்

பதில்: தெருப்பெயரை மட்டும் எழுதி, கதவு எண்ணை விட்டுவிட்டீர்கள். ஏ.இ.எஸ். என்பது 2001-இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்ற குறியாக்க முறை; சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தரவைத் துண்டு துண்டாகப் பூட்டுவது. அந்தத் துண்டுதான் கட்டம். பெல்ஜியத்தைச் சேர்ந்த டேமன், ரைமன் இருவரும் அதை 'ரைண்டால்' என்ற பெயரில் வடிவமைத்தனர். 256 என்பது சாவியின் பிட் நீளம்; அதைத் தரவுக் கட்டத்தின் அளவு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சாவி 128, 192, 256 என எதுவானாலும் கட்டம் 16 பைட்டுகள்தான். ஜாவாவில் இந்த எண்ணைப் பெயரில் எழுத வேண்டியதில்லை. 32 பைட்டுச் சாவியைக் கொடுத்தாலே அது 256 ஆகிவிடும்.

சிக்கல் 'சி.பி.சி.' என்ற மூன்றாம் பகுதியில் இருக்கிறது. கட்டங்களை எந்த முறையில் அடுத்தடுத்துப் பூட்டுவது என்பதைச் சொல்வது அதுதான். பெயரில் நீங்கள் சொல்லாமல் விட்டதை ஜாவாவுடன் வரும் நூலகம் தானே நிரப்பிக்கொள்ளும், 'ஏ.இ.எஸ்.' என்று மட்டும் எழுதினால் அது எடுத்துக்கொள்வது இ.சி.பி. இந்த முறையில் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே பூட்டப்படுவதால், ஒரே 16 பைட்டுகள் கட்டத்துக்குள் மறுபடி அப்படியே விழுந்தால் பூட்டிய வடிவமும் அப்படியே மறுபடி வரும். ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வரும் சரக்குப் பட்டியலுக்கு இதைவிடப் பொருந்தாத முறை இல்லை என்பேன். சி.பி.சி.யிலோ முந்தைய கட்டத்தின் பூட்டிய வடிவம் அடுத்த கட்டத்தோடு கலந்த பிறகே பூட்டு விழுகிறது.

ஆகவே 'ஏ.இ.எஸ்/சி.பி.சி/பி.கே.சி.எஸ்5பேடிங்' என்று முழுமையாக எழுதுங்கள். கடைசிப் பகுதி, குறைவாக உள்ள இறுதிக் கட்டத்தை நிரப்பும் விதம். அதிலுள்ள 5, பி.கே.சி.எஸ். விதிகளில் ஐந்தாம் எண்ணைக் குறிக்கிறது; அந்த விதி 8 பைட்டுக் கட்டத்துக்கு எழுதப்பட்டது. இங்கே உண்மையில் நடப்பது ஏழாம் எண் விதி. நம் தெருக்களில் புது எண் வந்த பிறகும் பழைய எண்ணைச் சொல்லியே வீடு தேடுவதுபோல, ஜாவா பழைய பெயரையே வைத்திருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் பெயரில் இடம்பெறாத ஒன்று உண்டு. முதல் கட்டத்துக்கு முந்தைய கட்டம் இல்லாததால், அதன் இடத்தில் ஐ.வி. எனும் 16 பைட்டுத் தொடக்க மதிப்பு தேவை. அதை ரகசியமாக வைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் முன்கூட்டி ஊகிக்க முடியாததாக அது இருக்க வேண்டும். பலர் அதைக் கோப்பின் தொடக்கத்திலேயே ஒட்டி அனுப்புவார்கள். உங்கள் எதிர்த்தரப்பினர் அதை எங்கே வைக்கிறார்கள் என்று கேட்டறிந்த பிறகு நிரலைத் திருத்துங்கள்.